எட்டு அங்குல ஆடியா, நான்கு அங்குல லென்ஸா?

"எந்த கம்பெனி டெலஸ்கோப் நல்லது?" என்று கேட்டுக்கொண்டுதான் பெரும்பாலானோர் வருகிறார்கள். போன், பைக், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் அப்படிக் கேட்டு வாங்கிப் பழகிவிட்டோம். தொலைநோக்கியில் மட்டும் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். எதைப் பார்க்கப் போகிறீர்கள், எங்கே நின்று பார்க்கப் போகிறீர்கள் என்பது முதலில். அதிலிருந்து எந்த வகைக் குழாய் என்பது முடிவாகும். கம்பெனி அதற்கப்புறம்.

விளையாட்டாக வாங்கும் 60, 70 மில்லிமீட்டர் குழாய்களை இங்கே பேசவில்லை. கொஞ்சம் பணம் சேர்த்து, பல வருடம் வைத்துப் பார்க்கப்போகும் ஒன்றை வாங்க நினைப்பவர் முன்னால் பொதுவாக மூன்று நிற்கும். ஒன்று எட்டு அங்குல டாப்சோனியன்: குழியாடி, 1200 மிமீ குவியத்தூரம், மரப்பெட்டித் தாங்கி. இரண்டாவது, நிறத்தை அதிகம் பிரிக்காத ஈடி கண்ணாடியில் செய்த நான்கு அங்குல லென்ஸ் தொலைநோக்கி. மூன்றாவது எட்டு அங்குல ஷ்மிட்-காசெக்ரெயின், அதாவது முன்னால் மெல்லிய திருத்துத் தகடும் உள்ளே இரண்டு ஆடிகளும் கொண்ட குட்டையான குழாய். மூன்றிலும் டாப்சோனியன்தான் மலிவு. ஷ்மிட்-காசெக்ரெயின் மோட்டார் தாங்கியோடு வாங்கினால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும். ஈடி லென்ஸ், தாங்கி இல்லாமல் வெறும் குழாயாகவே டாப்சோனியனின் விலையைத் தாண்டும். ஜப்பானில் செய்த ஃப்ளோரைட் படிக லென்ஸ் என்றால் அந்தப் பேச்சே வேறு.

டாப்சோனியன் என்ற பெயருக்குக் காரணமான ஜான் டாப்சன் இருபது வருடத்துக்கும் மேல் கலிபோர்னியாவில் ராமகிருஷ்ண மடத்தின் வேதாந்த சபையில் துறவியாக இருந்தவர். கப்பல் ஜன்னலின் தடிமனான கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயில் பொருத்தி, தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் நிலாவைக் காட்டினார். மடத்து வேலையை விட்டுவிட்டு இதையே செய்கிறார் என்று 1967இல் மடத்தைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடமே சான் பிரான்சிஸ்கோவில் நடைபாதை வானியலாளர்கள் குழு பிறந்தது. பெரிய ஆடி, எளிய தாங்கி, குறைந்த செலவு என்பதுதான் அவருடைய கணக்கு. இன்றைக்கும் அந்தக் கணக்கு மாறவில்லை.

சரி, எட்டு அங்குலம் என்றால் என்ன கிடைக்கிறது? 203 மிமீ ஆடி 100 மிமீ லென்ஸைவிட நான்கு மடங்கு பரப்பு. ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் சின்ன இரண்டாம் ஆடி நடுவில் மறைப்பதையும், ஒவ்வொரு ஆடியும் பத்து சதவீதம் போல ஒளியை விழுங்குவதையும் கழித்த பிறகும் மூன்று மடங்குக்குக் குறையாமல் ஒளி வரும். நெருங்கிய இரண்டு விண்மீன்களைப் பிரித்துக் காட்டும் திறனுக்கு டாஸ் என்பவர் தந்த கணக்கு இருக்கிறது: 116ஐ மிமீயில் உள்ள விட்டத்தால் வகுத்தால் வில்விநாடி (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு); எண் சிறிதானால் நல்லது. நான்கு அங்குலத்துக்கு 1.16, எட்டுக்கு 0.57. எம்13 என்ற கோளக் கொத்தை, அதாவது பந்து போலத் திரண்ட விண்மீன் கூட்டத்தை, நான்கு அங்குலத்தில் பாருங்கள்: நடுவில் மாவு கொட்டியது போல ஒரு வெளிச்சம், ஓரத்தில் பொடிப்பொடியாக ஏதோ தெரிகிற மாதிரி ஒரு சந்தேகம். எட்டு அங்குலத்தில் அந்தச் சந்தேகம் இல்லை, விண்மீன்கள் தனித்தனியாகக் குத்தும்.

அப்படியானால் லென்ஸ்காரர்கள் ஏன் விடாமல் வாதாடுகிறார்கள்? அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. லென்ஸ் குழாயில் நடுவே மறைப்பு இல்லை. ஆடிக் குழாயில் நடு மறைப்பு ஒளியைக் கொஞ்சம் எடுத்துக்கொள்வதோடு நிற்காது. விண்மீன் புள்ளியைச் சுற்றியுள்ள வளையங்களுக்கு ஒளியைத் தள்ளிவிடும். வியாழனின் மங்கலான பட்டைகள் போல நிற வேறுபாடு குறைந்த விவரங்கள் அதனால் வெளிறும். இதற்கும் ஒரு குத்துமதிப்பான கணக்கு உண்டு: ஆடியின் விட்டத்திலிருந்து மறைப்பின் விட்டத்தைக் கழியுங்கள், மிஞ்சுவது எவ்வளவோ, கோள்களின் மெல்லிய விவரங்களில் அந்த அளவு மறைப்பில்லாத லென்ஸுக்குச் சமம். எட்டு அங்குல டாப்சோனியனில் மறைப்பு சுமார் 50 மிமீ. மிச்சம் 153, ஆறு அங்குல லென்ஸ். எட்டு அங்குல ஷ்மிட்-காசெக்ரெயினில் மறைப்பு விட்டத்தில் 34 சதவீதம், சுமார் 69 மிமீ. மிச்சம் 134, ஐந்தேகால் அங்குலம். இரண்டுமே நான்கைவிடப் பெரிய எண்கள்தான். "நான்கு அங்குல லென்ஸ் எட்டு அங்குல ஆடியை அடித்துவிடும்" என்று யாராவது சொன்னால், அவர் பார்த்த எட்டு அங்குலம் நேர்படுத்தப்படாமல் இருந்தது என்று தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

நேர்படுத்துவது, அதாவது கொலிமேஷன், இரண்டு ஆடிகளின் அச்சையும் ஒரே கோட்டில் கொண்டுவருவது. டாப்சோனியனை ஒவ்வொரு முறை தூக்கி வைத்த பிறகும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். செஷயர் என்ற சின்னக் குழாயைச் செருகி, அடி ஆடியின் நடுவில் ஒட்டியிருக்கும் வளையம் மையத்துக்கு வரும்வரை பின்னாலுள்ள மூன்று திருகுகளைத் திருப்புவது, அவ்வளவுதான். பழகிய கைக்கு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஷ்மிட்-காசெக்ரெயினில் அடிக்கடி தேவைப்படாது. ஆனால் அதன் இரண்டாம் ஆடி குவியத்தூரத்தை ஐந்து மடங்கு நீட்டுவதால் சின்னப் பிசகுகூடப் பெரிதாகக் காட்டும். லென்ஸில் இந்தத் தொல்லையே இல்லை. பெட்டியைத் திறந்து, வைத்து, பார்க்கலாம். சோம்பேறிகளுக்கு என்று கேலி செய்வார்கள். அலுவலகம் முடிந்து ஒன்பது மணிக்கு வீடு வந்து, அரைமணி நேரம் சனியைப் பார்த்துவிட்டுப் படுக்கிறவருக்கு அந்தச் சோம்பல் ஒரு வசதி.

லென்ஸின் பழைய நோய் நிறப்பிரிகை. சாதாரண இரட்டை லென்ஸில் வியாழனைச் சுற்றி ஊதா நிறம் கசியும். குவியத்தூரத்தை நீட்டினால் குறையும். நான்கு அங்குலத்தில் ஒரு மீட்டருக்கு மேல் நீண்ட குழாய்கள் அந்தக் காலத்தில் இருந்ததற்கு அதுதான் காரணம். ஈடி கண்ணாடி வந்தபிறகு குட்டைக் குழாயிலேயே நிறம் அடங்கியது. கண்ணாடி எவ்வளவு குறைவாக நிறம் பிரிக்கிறது என்பதற்கு அபே எண் என்று ஓர் அளவு உண்டு. எண் கூடக்கூட நல்லது. சாதாரண பிகே7 கண்ணாடிக்கு 64. ஒஹாரா நிறுவனத்தின் எஃப்பிஎல்-51க்கு 81.5, எஃப்பிஎல்-53க்கு 94.9. ஃப்ளோரைட் படிகத்துக்கு 95. கடைசி இரண்டையும் பாருங்கள், வித்தியாசம் தசமப் புள்ளியில்தான். ஆகவே ஃப்ளோரைட்டா, 53ஆ என்ற சண்டையில் நேரத்தை வீணாக்க வேண்டாம். 51க்கும் 53க்கும் இடையில்தான் கண்ணுக்குத் தெரிகிற வேறுபாடு வர வாய்ப்பு. வெறுமனே "ஈடி" என்று மட்டும் எழுதி, எந்தக் கண்ணாடி என்று சொல்லாமல் விற்கும் குழாயைக் கேள்வி கேட்காமல் வாங்காதீர்கள். கூடவே போகும் இன்னொரு லென்ஸ் என்ன கண்ணாடி, எவ்வளவு நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் முடிவைத் தரும். அது எந்த விளம்பரத்திலும் இருக்காது.

ஆடிக்கும் இப்படி ஓர் எண் விளையாட்டு இருக்கிறது. "பத்தில் ஒரு பங்கு அலை" என்று போடுவார்கள். அடிப்படை என்னவென்றால், பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 550 நானோமீட்டர். கண்ணுக்கு வரும் ஒளியலையின் முகப்பு, அதாவது அலைமுகம், அதில் கால் பங்குக்கு மேல் பிசகாமல் இருந்தால் படம் பெரிதாகக் கெடாது என்று 1879இலேயே ராலே பிரபு காட்டினார். ஆடியில் ஒளி பட்டுத் திரும்புவதால் பரப்பிலுள்ள பிழை இரட்டிப்பாகிறது. ஆகவே ஆடியின் பரப்பு எட்டில் ஒரு பங்குக்குள், அதாவது 70 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இனி விளம்பரத்தைப் படியுங்கள். பத்தில் ஒரு பங்கு என்றது பரப்பிலா, அலைமுகத்திலா? எந்த நிறத்தில் அளந்தார்கள்? 633 நானோமீட்டர் சிவப்பு லேசரில் அளந்தால் அதே பிழை சின்னதாகத் தெரியும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள தூரமா, சராசரியா? சராசரிக் கணக்கில் சொன்னால் சாதாரண கால் அலை ஆடியே பதினான்கில் ஒரு பங்கு ஆகிவிடும். ஒரே ஆடிதான், சொன்னவரும் பொய் சொல்லவில்லை.

இப்போது கம்பெனி. தைவானில் தொடங்கி சீனாவின் சுஜோவில் ஆலை வைத்திருக்கும் சிந்தா நிறுவனத்தின் பிராண்டுதான் ஸ்கைவாட்சர். 1970இல் எட்டு அங்குல ஷ்மிட்-காசெக்ரெயினைக் கடைச்சரக்காக்கிய அமெரிக்க செலஸ்ட்ரானையும் 2005இல் இதே சிந்தா வாங்கிவிட்டது. ஸ்கைவாட்சரா, செலஸ்ட்ரானா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் பல நேரம் ஒரே வீட்டுப் பிள்ளைகளைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். டாப்சோனியனில் சிந்தாவுக்கு உண்மையான போட்டி தைவானின் ஜிஎஸ்ஓ. இது வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு பெயர் ஒட்டி விற்கப்படுகிறது. எட்டு அங்குல ஆடிகளில் இரண்டு நிறுவனமும் நன்றாகவே செய்கின்றன. நான் பார்த்தவரை ஜிஎஸ்ஓவில் துணைச் சரக்கு அதிகம்: இரட்டை வேக ஃபோக்கஸர், ஆடிக்குப் பின்னால் ஒரு மின்விசிறி. ஸ்கைவாட்சரில் சுருக்கி மடிக்கும் குழாய் கிடைக்கும், காரின் பின்சீட்டில் வைப்பவருக்கு அது பெரிய விஷயம்.

இதே சந்தையில் ஒரு காலத்தில் செலஸ்ட்ரானோடு மல்லுக்கு நின்ற மீட் நிறுவனம் 2013இல் சீனாவின் நிங்போ சன்னி கைக்குப் போய், 2021இல் அமெரிக்க ஓரியன் நிறுவனத்திடம் வந்து, 2024இல் இரண்டும் சேர்ந்தே கடையை மூடிவிட்டன. பழைய மீட் குழாய் மலிவாகக் கிடைத்தால் ஒளியியலுக்காக வாங்கலாம், கெடுதல் இல்லை. அதன் கணினித் தாங்கியை நம்பி மட்டும் வாங்க வேண்டாம். பழுதானால் உதிரிபாகத்துக்கு எங்கே போவது?

தகஹாஷி, ஆஸ்ட்ரோ-ஃபிசிக்ஸ், டெலிவியூ போன்ற விலை உயர்ந்த நிறுவனங்கள் வேறு தட்டு. அங்கே பெறுவது ஒவ்வொரு குழாயும் ஒரே தரத்தில் இருக்கும் என்ற உறுதி. மலிவுக் குழாய்களில் பத்தில் எட்டு நன்றாக இருக்கலாம், மீதி இரண்டு உங்கள் வீட்டுக்கு வரலாம். அந்த உறுதிக்கு அவ்வளவு பணம் கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டால், கண்ணால் மட்டும் பார்க்கிறவருக்கு வேண்டாம் என்பேன். அந்தக் காசில் பத்து அங்குல டாப்சோனியனும் நல்ல ஐபீஸ்களும் (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்கள்) வாங்கி, இருட்டான ஊருக்குப் போய்வரவும் மிச்சமிருக்கும்.

மேல்நாட்டார் எழுதும் ஒப்பீடுகளில் நமக்குப் பொருந்தாதவை நிறைய. அவர்கள் குளிரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள்: சூடான வீட்டிலிருந்து குளிருக்குக் கொண்டுபோனால் ஆடி ஆறும்வரை படம் கொதிக்கும் என்று. சென்னையிலோ நாகையிலோ அது தலைகீழ். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த நிமிடமே லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். தொலைநோக்கியை ஏசி இல்லாத அறையில் வையுங்கள். ஷ்மிட்-காசெக்ரெயினின் திருத்துத் தகடு குழாயின் முன்விளிம்பிலேயே வானத்தைப் பார்த்து நிற்பதால் பனி முதலில் அதில்தான் இறங்கும். முன்னால் நீட்டு மூடியும், தேவைப்பட்டால் சூட்டுப் பட்டையும் இல்லாமல் கடலோரத்தில் அதைப் பயன்படுத்துவது கஷ்டம். டாப்சோனியனின் அடி ஆடி குழாயின் ஆழத்தில் ஒளிந்திருப்பதால் தப்பித்துக்கொள்ளும். ஆனால் உப்புக்காற்று அலுமினியப் பூச்சை வருடக்கணக்கில் அரிக்கும். திரும்பப் பூசுவதற்கு எங்கே அனுப்புவது என்பதை வாங்கும்போதே விசாரித்துவிடுங்கள். லென்ஸுக்கு எதிரி பூஞ்சை. மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டி இல்லையென்றால் விலை உயர்ந்த ஈடி லென்ஸுக்குள் சிலந்திவலை போலக் கிளைவிட்டுப் படரும்.

மொட்டைமாடி இன்னொன்று. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் நள்ளிரவு வரை சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றின் ஊடாகப் பார்க்கும்போது எந்த எட்டு அங்குலமும் தன் 0.57 விநாடியைக் காட்டாது. நள்ளிரவுக்கு மேல் பாருங்கள், அல்லது தரையில், புல்லோ மண்ணோ இருக்கும் இடத்தில் வையுங்கள். லென்ஸ் எட்டு மணிக்கே "நன்றாக" இருப்பது போலத் தோன்றுவதற்கு அது காட்டக்கூடிய விவரமே குறைவு என்பதும் ஒரு காரணம். காற்று கெடுப்பதற்கு அதில் அவ்வளவு இல்லை.

அப்புறம் துருவ விண்மீன். சென்னையில் அது அடிவானத்திலிருந்து 13 பாகை உயரம், மதுரையில் 10. யாழ்ப்பாணத்திலும் ஏறக்குறைய அதே. பாதி நாள் தூசியும் தென்னை மரமும் மறைத்துவிடும். அச்சைத் துருவ விண்மீனை நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டிய ஜெர்மன் வகைத் தாங்கியை இவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் சில மாடல்களில் எடைக்கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். லென்ஸ் வாங்கி அதற்கு இந்தத் தாங்கியையும் வாங்குகிறவர், தாங்கி எந்த அட்சரேகை வரை இறங்கும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். படம் எடுக்கப்போவதில்லை என்றால் மேல்கீழ், இடவலமாக மட்டும் திரும்பும் எளிய தாங்கியே போதும். ஆனால் ஒன்று, நமக்குக் கோள்கள் பெரும்பாலும் உச்சியில் போகும். டாப்சோனியனுக்கு நேர் உச்சிதான் சங்கடமான இடம். அங்கே குழாயை இடவலமாகத் திருப்பப் பிடிப்பு கிடைக்காது. வியாழன் உச்சி தாண்டி இறங்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

இந்த அட்சரேகையின் லாபமும் பெரிது. கேட்டை விண்மீன், அதாவது அன்டாரெஸ், லண்டனில் அடிவானத்தை ஒட்டி ஊர்ந்து போகும். நமக்கு 50 பாகைக்கு மேல் ஏறும். அதன் மங்கலான துணை விண்மீன் மூன்று வில்விநாடிக்கும் குறைவான தூரத்தில், முதன்மையின் பிரகாசத்தில் மூழ்கிக் கிடக்கும். காற்று அசையாத ராத்திரியில் நல்ல நான்கு அங்குல லென்ஸ் அதைப் பிரித்துக் காட்டிவிடும். இந்த ஒரு வேலையில் லென்ஸின் சுத்தமான படம் தன் விலைக்கு நியாயம் சொல்கிறது. ஒமேகா செண்டாரி கோளக் கொத்து சென்னையில் 30 பாகை உயரம் வரை வரும். அதை எட்டு அங்குலத்தில் பார்த்தவர் திரும்ப நான்குக்குப் போக மாட்டார்.

தொழில்முறையில் இந்தச் சண்டை நூறு வருடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. லென்ஸை விளிம்பில் மட்டுமே பிடிக்க முடியும் என்பதால் பெரிதானால் தன் எடையிலேயே தொய்யும்; அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் 1897இல் வந்த 40 அங்குல லென்ஸோடு அந்தப் பாதை நின்றது. ஆடியை முதுகு முழுவதும் தாங்கலாம். ஜவ்வாது மலையின் காவலூரில் 1972இல் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கியும், பின்னால் வந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் ஆடிகள்தான்.

ஷ்மிட்-காசெக்ரெயினை நான் கொஞ்சம் ஒதுக்கிவிட்டதாகத் தோன்றலாம். அதன் பலம் அளவில் இருக்கிறது. எட்டு அங்குல ஆடியின் ஒளி, ஆனால் குழாய் ஆறு கிலோவுக்குள், ஒரு கையில் தூக்கலாம். டாப்சோனியன் தாங்கியோடு இருபது கிலோவைத் தாண்டும், இரண்டு தடவையாகத்தான் மாடி ஏற்ற முடியும். மோட்டார் தாங்கி பொருளைத் தேடித்தரும், பின்தொடரும். ஊர் வெளிச்சத்தில் விண்மீன் வரைபடத்தை வைத்துத் தேடவே முடியாதவருக்கு இது வரம். குறை என்னவென்றால் 2032 மிமீ குவியத்தூரம். கூட வரும் 25 மிமீ ஐபீஸில் முழுநிலவு ஏறக்குறைய நிரம்பிவிடும், கார்த்திகைக் கூட்டம் கொள்ளாது. இரண்டு அங்குல ஐபீஸ் போட்ட டாப்சோனியனிலும் லென்ஸிலும் சுற்று இருட்டோடு சேர்த்து முழுதாகத் தெரியும்.

என் தேர்வு: தரைத்தளமோ லிஃப்டோ இருந்தால், வருடத்தில் சில முறையாவது ஏலகிரி, ஜவ்வாது மலை என்று இருட்டுக்குப் போக முடியுமென்றால், எட்டு அங்குல டாப்சோனியன். ஜிஎஸ்ஓவோ ஸ்கைவாட்சரோ, எது அருகில் கிடைத்து, பிரச்சினை என்றால் மாற்றித்தருவதாக விற்பவர் எழுதிக்கொடுக்கிறாரோ அது. மூன்றாம் மாடியில் லிஃப்ட் இல்லாத வாடகை வீடு, பார்ப்பது நிலா, கோள், இரட்டை விண்மீன்தான் என்றால் எஃப்பிஎல்-53 உள்ள நான்கு அங்குல லென்ஸ். வெளிச்சமான ஊரில் இருந்துகொண்டு, கோள்களைப் படமெடுக்கவும் ஆசைப்படுகிறவருக்கு ஷ்மிட்-காசெக்ரெயின்.

எதை வாங்கினாலும், குறிப்பாகப் பழையதை வாங்கும்போது, பணம் கொடுப்பதற்கு முன் ஒரு விண்மீன் சோதனை செய்யுங்கள். துருவ விண்மீனைப் பார்க்கச் சொல்லும் கையேடுகள் நமக்கு உதவாது, அது அடிவானத் தூசியில் நடுங்கிக்கொண்டிருக்கும். உயரத்தில் இருக்கும், துருவ விண்மீன் அளவுக்குப் பிரகாசமான விண்மீன் ஒன்றை 200 மடங்கில் நடுவில் வைத்து, ஃபோக்கஸரை உள்ளே கொஞ்சம், வெளியே கொஞ்சம் திருப்புங்கள். வளையங்கள் இரு பக்கமும் ஒரே மாதிரி விரிய வேண்டும். ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மயிர் மூடியது போலவும் இருந்தால் விளிம்பு சரியில்லை. உள்ளே நெடுக்காகவும் வெளியே குறுக்காகவும் நீள்வட்டமானால் ஆடியோ லென்ஸோ கோணியிருக்கிறது, அல்லது எங்கோ இறுக்கிப் பிடித்திருக்கிறது. வளையம் ஒருக்களித்திருந்தால் அது நேர்படுத்தல் பிசகு மட்டும்தான். விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளலாம்.